படகில் போகிற ஊர்தான் எனக்கு வேண்டும்

அம்பாசமுத்திரம்
சித்திரை 22, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா சுடலைவடிவு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் கோபமும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அம்மன் துணை இருப்பாள், இந்தக் கவரைப் பிரிக்கிற நிமிஷம் வரைக்குமாவது சுகமாக இருங்கள், அதற்குப் பிறகு நான் பொறுப்பில்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் ரெண்டாவது பேச்சைத் தொடங்குமுன்னே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. குடும்ப குரூப்பில் பேசிப் போட்டால் உன் மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போடுவார். காகிதம் என்றால் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தானே ஆகவேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. கவர்மேல் முகவரியை மட்டும் பக்கத்து வீட்டு ஃபெபி டீச்சர் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

முதலில் ஊர்ச் செய்தி. ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் ஓடுகிறது. பிசான நெல் அறுத்த வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, அதனால் உரக்கடையில் வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லாததால் உன் அப்பா சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து என் உயிரை எடுக்கிறார். அமெரிக்கா கடற்கரைக்கு அரைக்கால் சட்டைதான் போடவேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், மார்க்கெட்டில் போய் ரெண்டு வாங்கி வந்திருக்கிறார், ஒன்றில் முழுக்கத் தென்னை மரம், இன்னொன்றில் அன்னாசிப் பழம். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார், என்னோடு பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்டுகள் இலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஏட்டி வடிவு, என்ன இளிப்பு, அங்கன இதுதான் யூனிபாரமாம், மாப்ளையே சொல்லிருக்காரு என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். ஐம்பத்தாறு வருஷம் வேட்டிக்குள் இருந்த கால், வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வெளிறிக் கிடக்கிறது, அங்கே யார் யார் கண்ணுக்கு நோவு வரப்போகிறதோ தெரியவில்லை. உன் சித்தி வீட்டில் கிணறு வற்றிவிட்டது, நம் வீட்டுக் குழாயில்தான் குடம் வைக்கிறாள், வைக்கிறபோதெல்லாம் அமெரிக்காவிலிருந்து அவளுக்கு என்ன வாங்கி வருவேன் என்று கேட்கிறாள், நீ வந்து அங்கே குடம் வை என்று சொல்லிவிட்டேன்.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ குரூப்பில் நாலு ஊர்ப் படம் போட்டாய். நீங்கள் இருக்கிற ஊரிலிருந்து காரில் ஆறு மணி நேரம் போனால் கடலுக்குள்ளே ஒரு நீளமான மணல் தீவு இருக்கிறதாம், ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் அலை இல்லாமல் அடங்கிக் கிடக்கிற தண்ணீர், அகலம் நம் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான், நீளமோ இங்கிருந்து தூத்துக்குடி தாண்டிப் போகுமாம். அதில் வரிசையாக ஊர்கள். நாங்களும் உன் மாமனார் மாமியாரும் ஆனி மாதம் அங்கே வரும்போது எல்லோருமாக ஒரு வாரம் அதில் ஒரு ஊரில் தங்குவது, எந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். படத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பா, இதுக்குப் போயி ஏரோப்ளேனா, கோடைல நம்ம ஆத்துல நடுவுல மணத்திட்டு கெடக்குல்லா, அதுல போயி ரெண்டு நாள் படுத்துக்கிட்டா போதாது என்றார். நான்தான் அவரை அதட்டி வைத்தேன். அதற்குப் பின்னால் மாப்பிள்ளை தன் குரலிலேயே பேசி அனுப்பினார், அத்தை எந்த ஊரச் சொல்லுதாங்களோ அந்த ஊருதான், வேற பேச்சே கெடையாது என்று. அதை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. பீடி சுற்றுகிற பெண்டுகளுக்கும் போட்டுக் காட்டினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது சுகன்யா, இதுவரைக்கும் எந்த ஊருக்குப் போகலாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. குற்றாலம் போனாலும் திருச்செந்தூர் போனாலும் வேன் வாசலில் வந்து நின்றபிறகு ஏறு என்பார்கள், ஏறுவேன், எந்த ஊர் என்று வேனுக்குள் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

கேட்டுவிட்டார்களே, பொறுப்பாகச் சொல்லவேண்டாமா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஃபெபி டீச்சரை உட்காரவைத்து நீ போட்டதையெல்லாம் தமிழில் சொல்லச் சொன்னேன். அவற்றின் பேர் என் வாயில் நுழையவில்லை, அதனால் நானே பேர் வைத்தேன். தெரு முழுக்கக் கடையும் ராட்டினமும் இருப்பது கடை ஊர். பெரிய கலங்கரை விளக்கம் நிற்பது விளக்கு ஊர். யாரும் கட்டிப்போடாத குதிரைகள் மணலில் தன் இஷ்டத்துக்குத் திரிவது குதிரை ஊர். நாலாவது ஊர் தீவின் வால் நுனியில் தனியாக அறுந்து கிடப்பது, அதற்குப் பாலம் கிடையாது, காரோடு ஒரு பெரிய படகில் ஏறி ஒரு மணி நேரம் போகவேண்டும், ஊரில் ரெண்டு மூன்று கடை, சைக்கிளில் சுற்றலாம், செல்போன் அங்கே சரியாக எடுக்காது என்று கீழே எழுதியிருந்ததாம். அதுதான் படகு ஊர். பத்து நாள் நம் வாசலில் இதே பேச்சு. குதிரை ஊருக்குப் போவாதீக, மணல்ல அது சாணி போட்டு வச்சிருக்கும், கால வச்ச பெறவுதான் தெரியும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். விளக்கு ஊருக்கு உன் அப்பா கையைத் தூக்கினார், ஏன் என்று கேட்டால் படியேறி மேலே நின்று போட்டோ எடுக்கவேண்டுமாம், அந்த அன்னாசிப் பழத்தோடு.

கடைசியில் முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கடை ஊருக்கு மஞ்சள் செவ்வந்தி, விளக்கு ஊருக்கு நந்தியாவட்டை, குதிரை ஊருக்குச் சிவப்பு அரளி, படகு ஊருக்குப் பிச்சி என்று நாலு பூவையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றி, ஒரே அளவில் பொட்டலமாக்கிக் கொண்டுபோனேன். பூசாரி சிவசைலத்தை உனக்குத் தெரியும், எதற்கும் ஒரு குத்தல் வைத்திருப்பார். ஏ வடிவு, கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பாப்பாவ, வீடு கட்டப் பாப்பாவ, அமெரிக்காக்காரன் கடக்கரைக்கு எங்க ஆத்தாளுக்கு என்ன வழி தெரியும், அவ பாளையங்கோட்டையவே தாண்டுனதில்ல என்றார். நீரும்தான் தாண்டினதில்லை, பேசாமல் குலுக்கிப் போடும் என்றேன். அவர் அம்மன் காலடியில் பொட்டலங்களைப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். அன்றைக்கே குரூப்பில் பேசிப் போட்டேன், அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், படகு ஊர்தான் என்று. நீ கும்பிடுகிற கை போட்டாய். மாப்பிள்ளை கட்டைவிரல் போட்டார். உன் மாமனார் செந்தூர்பாண்டி அண்ணாச்சி நல்லது என்று எழுதினார். உன் மாமியார் அந்தச் சிரிக்கிற பொம்மையைப் போட்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் திசையன்விளையிலிருந்து உன் மாமியார் பொன்செல்வி மதினி போன் போட்டார், யார் யார் என்னென்ன கொண்டுவருவது என்று பங்கு பிரிக்க. நீங்கள் கருப்பட்டி கொண்டுவாருங்கள், நான் கூழ்வற்றல் கொண்டுவருகிறேன், படகில் ஏற்றி இறக்க வசதியாகச் சின்னச் சின்னப் பையாகக் கட்டுவோம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் சிரித்துவிட்டு, படகா, எந்தப் படகு மதினி, வீடுதான் தை மாசமே புடிச்சாச்சே, அந்தக் கடையெல்லாம் இருக்கிற ஊருல்லா, மூணாவது மாடி, லிப்டுகூட இருக்கு, அடுப்படி போட்டோ ஒங்களுக்கு அனுப்பலியா என்றார். பிறகு அவரே பதறிப்போய், ஐயோ ஒங்ககிட்ட சொல்லலியாக்கும், நான் வாய வச்சிக்கிட்டு இருக்கமாட்டாம என்று சமாளித்தார். தை மாதம் வீடு பிடித்துவிட்டு என்னைப் பங்குனியில் கேட்டிருக்கிறீர்கள். நான் பூ வாங்கப் போனபோது, இலை மடித்தபோது, அந்த ஆத்தாள் முன்னால் கண்ணை மூடி நின்றபோது, எல்லாம் முடிந்து ரெண்டு மாதம் ஆகியிருக்கிறது. அம்மனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியாது. அம்மனுக்குத் தெரிந்தும் இருக்கலாம், அவளும் உங்கள் கட்சி.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எம்மா, அது சும்மா கேட்டதும்மா, ஒனக்கும் ஒரு சந்தோசமா இருக்கட்டுமேன்னுதான் அவுக அப்படிச் சொன்னாக, அந்த ஊர்ல சிக்னலே கெடையாதும்மா, ஆபீஸ்ல இருந்து அவசரமா கூப்பிட்டா நாங்க ரெண்டு பேரும் என்ன செய்ய, இரு இரு, ஒரு மீட்டிங், முடிச்சிட்டுக் கூப்பிடுதேன் என்றாய். அந்த மீட்டிங் பத்து நாளாக நடக்கிறது. அப்படி என்ன மீட்டிங் அது, நம் ஊர்க் கொடைவிழாவே மூன்று நாளில் முடிந்துவிடும்.

சும்மா கேட்டது என்றாயே, அதுதான் மக்களே எனக்கு ஆறவில்லை. கேட்காமல் கடை ஊருக்குக் கூட்டிப்போயிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன், ராட்டினத்தில் முதல் ஆளாக ஏறியிருப்பேன். என்னை உன் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை, முகூர்த்தச் சேலை எடுத்து வந்தபிறகுதான் எனக்குக் கல்யாணம் என்றே தெரியும். அதில் ஒரு நேர்மை இருந்தது. கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, அம்மா சொல்வதைச் சொல்லட்டும், பாவம் என்று விட்டுவைக்க அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. படித்த உங்களுக்குத்தான் தெரிகிறது. சின்னப் பிள்ளை கையில் பழைய ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நாம் டிவி பார்ப்பதில்லையா, அந்தப் பிள்ளையும் பொத்தானை அமுக்கி அமுக்கி நாமதான் மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு மாதம் நான் அமுக்கியிருக்கிறேன். ஊரைக் கூட்டி வைத்து அமுக்கியிருக்கிறேன். இப்போது பெண்டுகள், என்ன வடிவக்கா, படகுல போறதுக்கு நீச்சல் படிச்சாச்சா என்று கேட்கிறார்கள், நானும் சிரித்துக்கொண்டு ஆமாம் என்கிறேன், வேறென்ன சொல்ல.

கோபத்தில் பாதி உண்மையும் பாதி பொய்யுமாக எழுதக்கூடாது. ஆகையால் இதையும் சொல்லிவிடுகிறேன், உன் மாமியாருக்குச் சொல்லாதே. அம்மன் உத்தரவு கொடுத்தாள் என்று சொன்னேனே, அது சுத்தப் பொய். சிவசைலம் முதலில் எடுத்த பொட்டலத்தில் செவ்வந்திதான் இருந்தது. கடை ஊர். நான், ஓய், நான் இன்னும் கும்பிட்டே முடிக்கல்ல, ஒமக்கு என்ன அப்படி அவசரம், திரும்பக் குலுக்கிப் போடும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஏ வடிவு, சாமிகிட்டயே சேட்டையா, ஒனக்கு எது வேணும்னு வாயத் தொறந்து சொல்லேன், நான் அந்தப் பொட்டலத்தையே எடுத்துத் தாரேன் என்றார். சொல்லமாட்டேன் என்று நின்றேன். ரெண்டாவது தடவை எடுத்தார், அரளி. மூன்றாவது தடவைதான் பிச்சி வந்தது, அதற்குள் கற்பூரமே அணைந்துவிட்டது. ஆகையால் படகு ஊர் அம்மன் கேட்டதில்லை. நான் கேட்டது. எனக்கு வேண்டும் என்று சொல்லிப் பழக்கமில்லாததால் அவள் தலையில் போட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், ஃபெபி அந்த ஊரைப் பற்றி வாசிக்கும்போது செல்போன் எடுக்காது என்று சொன்னதும் மற்ற பெண்டுகளெல்லாம் ஐயோ என்றார்கள், எனக்கு மட்டும் அந்த ஊர்தான் ஊர் என்று தோன்றியது. நாலு வருஷமாக உன்னைப் போனுக்குள்ளேதான் பார்க்கிறேன், அதிலும் பாதி நாள் நெற்றி மட்டும் தெரியும், பாதி நாள் மேல்கூரை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் பன்னிரண்டு நாள் வந்தாய், ஆறு நாள் திசையன்விளைக்குப் போயிற்று, மீதி நாளும் மடியில் அந்தக் கம்ப்யூட்டர். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் உனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நான் பேசிக்கொண்டே வைத்தேன், நீ ம் கொட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு திடீரென்று இங்கிலீஷில் என்னவோ சொன்னாய், அப்போதுதான் எண்ணெய்க் கையோடு முடியை விலக்கிப் பார்த்தேன், காதுக்குள் வெள்ளையாக அந்தச் சின்னச் சாமான். அரை மணி நேரமாக நீ ம் கொட்டியது உன் மேனேஜருக்கு. நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா, எனக்கு உதிரம் நிற்காமல் போகிறது, டாக்டரம்மா கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. அதை மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பின்னிவிட்டு எழுந்துவிட்டேன். கார்த்திகையில் ஆபரேஷன் முடிந்தபிறகு அப்பா உனக்குப் போன் போட்டார். ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல என்று அப்படி அழுதாயே. சொன்னேன் சுகன்யா. சொல்லத்தான் செய்தேன்.

இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழவேண்டாம். உடம்பு நன்றாகிவிட்டது, ஆறு வாரத்தில் பீடித் தட்டை மடியில் வைத்துவிட்டேன், இப்போது உன் அப்பாவை விரட்டிப் பிடிக்கிற தெம்பு இருக்கிறது. உன்னைக் குத்திக்காட்டவும் எழுதவில்லை, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதினேன், அது போகட்டும். நான் என்ன கேட்கிறேன் என்று தெளிவாக எழுதிவிடுகிறேன். பிடித்த வீட்டை விடவேண்டாம். கடை ஊருக்கே எல்லோரும் போவோம், மதினியோடு சேர்ந்து லிப்டில் ஏறி இறங்குகிறேன், மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன், அவர் நல்ல மனசோடு சொன்ன பொய் அது. ஏழு நாளில் எனக்கு ஒரு நாள் வேண்டும். காலைப் படகில் நீயும் நானும் மட்டும் அந்த வால் நுனி ஊருக்குப் போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் படகில் திரும்பவேண்டும். போனையும் அந்தக் கம்ப்யூட்டரையும் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வா, அங்கே அது எடுக்குமா எடுக்காதா என்று சோதித்துப் பார்க்கவும் கூடாது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நீங்க போயிட்டு வாங்கட்டி, நான் சம்பந்திமாரக் கூட்டிக்கிட்டுக் கடை கடையா ஏறி இறங்குதேன் என்றார், அவருக்கு அதுதான் வேண்டும். எனக்குக் குதிரையும் வேண்டாம் விளக்கும் வேண்டாம். உன்னிடம் சொல்ல நாலு வருஷத்துப் பேச்சு இருக்கிறது, உனக்கும் இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் ரெண்டு பேரும் சும்மா மணலில் உட்கார்ந்திருப்போம், நீ என் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

எந்த நாள் என்று மட்டும் பதில் எழுது. பார்க்கலாம்மா என்று எழுதாதே, அந்த வார்த்தை எனக்கு வேண்டாம். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, உன் ஆபீஸ் எப்படிப்பட்டதோ எனக்கென்ன தெரியும். அப்போதும் வருவேன், கூழ்வற்றலோடு வருவேன், சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு உனக்கு எது வேண்டும் அம்மா என்று இந்த ஆயுசில் என்னிடம் கேட்கவேண்டாம், மாப்பிள்ளையையும் கேட்கச் சொல்லவேண்டாம்.

செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு எண்ணெய் வை, பச்சைத்தண்ணீரில் பனிக்கட்டி போட்டுக் குடிக்காதே, மாப்பிள்ளைக்கு ராத்திரி மிஞ்சிய சோற்றை மறுநாள் சூடு பண்ணிக் கொடுக்காதே, அவருக்குப் பித்த உடம்பு. உன் மாமியாருடைய மூட்டுவலித் தைலம் விமானத்தில் கொண்டுவரலாமா என்று அவரே உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார், விசாரித்துச் சொல். நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். அம்மன் உங்களைப் பார்த்துக்கொள்வாள், அவளை ஏமாற்றப் பார்த்ததற்கு நான் தனியாக அபராதம் கட்டிக்கொள்கிறேன்.

கேட்டது ஒரு நாள், அதற்கு மேல் கேட்காத
உன் அம்மா
ச. சுடலைவடிவு